கரூர் தாண்டினால் உட்கார முடியவில்லை: வண்டிச் சீட்டை என்ன செய்யலாம்?

காவிரிக்கரை (பவானி)

மாதம் இரண்டு முறை பவானியிலிருந்து மதுரைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். ஈரோடு, கொடுமுடி, கரூர், திண்டுக்கல் வழி. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர். ஜமக்காள மாதிரிகளைக் கடைகளில் காட்டி ஆர்டர் பிடிப்பது என் பிழைப்பு. வண்டி 150 சிசி, வாங்கி நான்கு வருடம் ஆகிறது. எனக்கு வயது 43, எடை 81 கிலோ.

கொடுமுடி வரைக்கும் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருப்பேன். கரூரைத் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறியதும் வலது பிட்டத்தில் எரிச்சல் ஆரம்பிக்கும். அரவக்குறிச்சிப் பிரிவு வருவதற்குள் இந்தப் பக்கம் பத்து நிமிடம், அந்தப் பக்கம் பத்து நிமிடம் என்று நெளிய வேண்டியதுதான். போன வாரம் வேடசந்தூர்ப் பக்கம் பெட்ரோல் போட நிறுத்தினேன். நான் இறங்கிய விதத்தைப் பார்த்து அங்கிருந்த பையன், "மூலமா அண்ணா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். மூலம் இல்லை. டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

சும்மா இருக்கவில்லை. இரண்டு அங்குல மெத்தை வைத்த சீட் உறை ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். கடையில் உட்கார்ந்து பார்த்தபோது சொர்க்கம். ஈரோடு தாண்டும் வரைக்கும் சொர்க்கம். அதன்பிறகு முன்பைவிட மோசம். இன்னும் தடிமனாகப் போட வேண்டுமா, ஜெல் வாங்க வேண்டுமா, சீட்டையே மாற்ற வேண்டுமா?

எங்கள் அப்பா ஐம்பது வருடம் குழித்தறியில் ஜமக்காளம் நெய்தவர். "பலகையில் உட்கார்ந்து நான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். நீ மெத்தையில் உட்கார்ந்து அழுகிறாய்" என்கிறார். அவரைச் சமாளிக்கவாவது ஒரு வழி சொல்லுங்கள்.

பொடிநடை (கோபிசெட்டிபாளையம்)

பஸ்ஸில் போகலாமே.

காவிரிக்கரை (பவானி)

போகலாம். மதுரையில் ஒன்பது கடை ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் இரண்டு மூட்டையோடு ஆட்டோ பிடித்தால் கிடைக்கும் கமிஷன் ஆட்டோக்காரருக்குத்தான்.

திம்பம்27 (சத்தியமங்கலம்)

அண்ணா, மெமரி ஃபோம் போடுங்கள். விமான இருக்கைக்காக 1966இல் நாசா ஆராய்ச்சியில் பிறந்த பொருள். உட்கார்ந்தால் உடம்பின் அச்சை அப்படியே வாங்கிக்கொள்ளும். நான் போட்டு ஆறு மாதம் ஆகிறது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் வாரம் ஒரு முறை ஏறி இறங்குகிறேன், ஒரு வலி இல்லை.

பழைய சேணம் (கோவை, சிங்காநல்லூர்)

தம்பி, திம்பம் மலைப்பாதை மொத்தமே அரை மணி நேரம். வளைவுக்கு வளைவு உடம்பு சாய்கிறது, எழுகிறது, எடை இடம் மாறுகிறது. அதில் யாருக்கும் வலிக்காது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு ஏறியவனைக் கேட்டுப் பாருங்கள், கை வலிக்கிறது என்பான், உட்காரும் இடத்தைப் பற்றிப் பேச மாட்டான். நேர்கோட்டில் எண்பதில் அசையாமல் மூன்று மணி நேரம் போவதுதான் சோதனை. கேள்வி கேட்டவருக்கு அந்த நாலுவழிச் சாலைதான் எமன்.

என் காலத்து வண்டிகளில் ஓட்டுபவருக்குத் தனிச் சேணம், அதற்கு அடியில் இரண்டு ஸ்பிரிங். அதில் கோவையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரே மூச்சில் போயிருக்கிறேன். இப்போதைய சீட் எல்லாம் அழகுக்கு. வால் தூக்கி, முன்பக்கம் சரிந்து, குறுகிப்போய், பார்க்க வெட்டுக்கிளி மாதிரி இருக்கிறது. உட்கார வேண்டியவன் மனிதன் என்ற நினைப்பே இல்லை.

ஓவர்லாக்காரி (திருப்பூர்)

சீட்டைத் தொடும் முன்னால் அண்ணா போட்டிருக்கும் உடுப்பைக் கேட்க வேண்டும். இதை யாரும் கேட்கக் கூச்சப்படுவார்கள், பனியன் கம்பெனியில் பதினான்கு வருடம் தரம் பார்ப்பவள் என்பதால் நான் கேட்கிறேன்.

ஜீன்ஸ் பேண்டின் நடுவில் நான்கு தையல் வந்து சேரும் முடிச்சு ஒன்று இருக்கிறது. துணி அந்த இடத்தில் ஆறேழு மடிப்பாகக் கெட்டித்திருக்கும். அதன் மேல் 80 கிலோவை வைத்து மூன்று மணி நேரம் தேய்த்தால் என்ன ஆகும்? உள்ளாடையும் அப்படித்தான். ஓவர்லாக் தையல் வரப்பு போலப் புடைத்து நிற்கும். ஃபிளாட்லாக் தைத்தது படிந்து கிடக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். தொடைவரை வரும், லைக்ரா கலந்த, நடுத்தையல் படிந்த டிராயர் வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பருத்தி வேண்டாம். எங்கள் ஊர்ப் பொருளை நானே குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு அங்கேயே வைத்துக்கொள்ளும். ஈரத்துணி தோலை உரிக்கும். சைக்கிள் பந்தயக்காரர்கள் போடும் பஞ்சு வைத்த டிராயரும் நல்லதுதான். ஆனால் அதற்குள் இன்னொரு உள்ளாடை போட்டால் பலனே இல்லை.

நானும் வண்டி ஓட்டுபவள்தான். தாராபுரம் வழியாகப் பழனிக்கு அடிக்கடி போவேன். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது வண்டியைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்தே பிடிக்க வேண்டும். போகும்போது வலது பக்கம் வலிக்கும், திரும்பும்போது இடது பக்கம். அண்ணாவுக்கு எப்போதும் வலதுதான் என்றால் அது காற்று இல்லை. பின் பாக்கெட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

காவிரிக்கரை (பவானி)

பர்ஸ். கொஞ்சம் கனமான பர்ஸ். பணம் இல்லை, பில்லும் விசிட்டிங் கார்டும்.

ஓவர்லாக்காரி (திருப்பூர்)

வலது பாக்கெட்டா?

காவிரிக்கரை (பவானி)

வலதுதான். தங்கச்சி, இதைப் படித்ததும் பர்ஸை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றேகால் அங்குல உயரம். வெட்கமாக இருக்கிறது.

எலும்பு எண்ணுகிறவர் (ஈரோடு)

பிசியோதெரபி பார்ப்பவன். பர்ஸை எடுத்தால் பாதி தீரும், முழுதும் தீராது. மெத்தை போட்டும் வலி கூடியது ஏன் என்று சொல்கிறேன்.

நாம் உட்காரும்போது எடையைத் தாங்குவது சதை இல்லை. இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. கெட்டியான மணைமேல் உட்கார்ந்து இரண்டு கையையும் பிட்டத்துக்கு அடியில் வைத்தால் குத்தும், அவைதாம். இரண்டுக்கும் நடுவே பெரியவர்களுக்கு ஏறத்தாழ 10 முதல் 14 சென்டிமீட்டர் இடைவெளி, பெண்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் அதிகம். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தோலிலும் சதையிலும் சிறு ரத்தக்குழாய்கள் நசுங்கி ஓட்டம் குறைகிறது. உடம்பு முதலில் எரிச்சலாகச் சொல்லும், கேட்காவிட்டால் வலியாகச் சொல்லும், பிறகு மரத்துப்போகும்.

மெத்து மெத்தென்ற ஃபோமில் அந்த முனைகள் இரண்டும் மூழ்கி அடித்தட்டைத் தொட்டுவிடும். அப்போது சுற்றியிருக்கும் ஃபோம் எலும்பு தாங்க வேண்டிய எடையை நடுப்பகுதிக்குத் தள்ளும். நரம்பு ஓடும் அந்த நடுப்பகுதி எடை தாங்க வந்த இடமே இல்லை. தொடையிடுக்கில் மரத்துப்போவதாகத் தெரிந்தால் உடனே இறங்கி நடங்கள். இறங்கிய பிறகும் தொடர்ந்தால் டாக்டரிடம் போங்கள். அதில் வீரம் வேண்டாம்.

சீட் உங்களுக்கு அகலமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நெளிவுள்ள அட்டைப்பெட்டி அட்டையைக் கெட்டியான ஸ்டூலில் விரித்து, வண்டியில் உட்காரும் சாய்வில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் கழித்து எழுந்திருங்கள். இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். நடுவுக்கு நடு அளந்து, அதைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரலாவது சீட் அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் அப்பா சொன்னதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். குழித்தறிக்காரர் பலகைமேல் இருந்தாலும் கால் இரண்டும் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்கும். குறுக்கு நூல் கொண்டுபோகும் நாடாவை எறிய உடம்பு இடமும் வலமும் போகும். ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் கால் ஃபுட்ரெஸ்ட்டில் ஆணி அடித்தது போல நிற்கிறது. முக்கால் மணிக்கு ஒரு முறை, வலி வரும் முன்னால், நிறுத்தி இரண்டு நிமிடம் நடங்கள். வலி வந்தபிறகு நிறுத்துபவருக்கு அடுத்த நிறுத்தம் இன்னும் சீக்கிரம் தேவைப்படும்.

பழைய சேணம் (கோவை, சிங்காநல்லூர்)

டாக்டர் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத சாலையில், வேகத்தைக் குறைத்து, ஃபுட்ரெஸ்ட்டில் கால் ஊன்றி அரை நிமிடம் பிட்டத்தை லேசாகத் தூக்கலாம். பாலத்து இணைப்பு, வேகத்தடை வரும்போதெல்லாம் இதைச் செய்தால் முதுகும் பிழைக்கும். ஜல்லிக்கட்டு வீரன் போல நிமிர்ந்து நிற்க வேண்டாம்.

பின் ஷாக் அப்சார்பர் எத்தனையாவது படியில் இருக்கிறது? டயரில் எவ்வளவு காற்று?

காவிரிக்கரை (பவானி)

ஷாக் அப்சார்பர் கடைசிப் படி, அதாவது ஆகக் கெட்டியானது. மூட்டை ஏற்றுவதால் வாங்கிய அன்றே மெக்கானிக் ஏற்றி வைத்தார், அதன்பின் யாரும் தொடவில்லை. காற்று, பங்க்கில் போடுவதுதான். இப்போது அளந்து வந்தேன்: முன்னே 36, பின்னே 42. வண்டியோடு வந்த புத்தகத்தில் முன்னே 25, பின்னே 32 என்று இருக்கிறது.

பழைய சேணம் (கோவை, சிங்காநல்லூர்)

அப்படியென்றால் நீங்கள் இத்தனை நாள் ஓட்டியது வண்டி இல்லை, ஆட்டுக்கல். காற்றைக் குளிர்ந்த டயரில் அளந்து சரி செய்யுங்கள். ஷாக் அப்சார்பரை, மூட்டை இல்லாத நாளில் இரண்டு படி இறக்குங்கள். டூல்ஸ் பையில் அரிவாள் மாதிரி வளைந்த ஸ்பேனர் ஒன்று கிடக்கும், அது எதற்கென்று நான்கு வருடமாக யோசித்திருப்பீர்கள். அதற்குத்தான்.

நார்மெத்தை (கரூர்)

இந்த விவாத இழையை இன்றுதான் பார்த்தேன். பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபது வருடம் சீட் தைத்தேன், இப்போது சொந்தமாக இருசக்கர வண்டிச் சீட் கடை. தொழில் ரகசியம் என்று ஒன்றும் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

கடைக்கு வருபவர்களில் பத்தில் எட்டுப் பேர் கட்டை விரலால் சீட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் மெத்தென்று" என்பார்கள். விரலுக்கு மெத்தென்று இருப்பது உட்காரும் இடத்துக்குக் கல். இதற்கு எங்கள் பட்டறையில் "தரை தட்டுவது" என்று பெயர், பரிசல் தட்டுவதுபோல. 900 ரூபாய் உறையில் உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஃபோமை டென்சிட்டி சொல்லி விற்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். 32, 40 என்று வரும். டென்சிட்டி கூடினால் கெட்டி கூடும் என்று கடைக்காரர்களே நம்புகிறார்கள். தவறு. டென்சிட்டி, ஃபோம் எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்லும். கெட்டியா மிருதுவா என்பது வேறு கணக்கு. 40இலேயே இரண்டும் கிடைக்கும். வெட்டுத் துண்டுகளை ஒட்டி அழுத்திய ரீபாண்ட் ஃபோம் 80க்கு மேல் போகும், அது கெட்டி.

நான் செய்யும் முறை: உறையின் ஸ்டேப்ளர் முள்ளைப் பிடுங்கி, நான்கு வருடத்தில் குழி விழுந்த இடத்தை மட்டும் செதுக்கி எடுப்பேன். கம்பெனி ஃபோமை முழுதாகத் தூக்கி எறியச் சொல்பவரை நம்பாதீர்கள். அது அச்சில் வார்த்தது, அடித்தட்டோடு பொருந்தி உட்காரும். செதுக்கிய இடத்தில் கீழே அரை அங்குல ரீபாண்ட், அதன் மேல் ஒரு அங்குலம் 40 டென்சிட்டி. மேலே தொடுவதற்கு இதமாக இருக்க அரை அங்குலம் மிருதுவானது போதும். எலும்பு படும் இடத்தில் இரண்டு பக்கமும் அகலம் கூட்டுவேன். தொடை இறங்கும் முன்பகுதியை அப்படியே குறுகலாக விடுவேன். அங்கேயும் அகலப்படுத்தினால் குள்ளமானவருக்குச் சிக்னலில் கால் எட்டாது, சீட்டின் உயரத்தைத் தொடாமலே வண்டி உயர்ந்துவிட்டதாகத் தோன்றும்.

இதைவிட முக்கியம் சரிவு. இப்போதைய சீட்டுகள் டேங்க்கை நோக்கிச் சரிகின்றன. ஒவ்வொரு பிரேக்கிலும் கால் அங்குலம் முன்னால் வழுக்கி, பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை பின்னால் தள்ளி உட்காருவீர்கள். அந்த வழுக்கல்தான் தோலை எரிக்கிறது. முன்பக்கம் முக்கால் அங்குலம் தூக்கிச் சமப்படுத்தினாலே பாதிப் பேருக்கு ஃபோமே மாற்ற வேண்டியதில்லை. இதைச் சொன்னால் எனக்கு வியாபாரம் குறையும், இருந்தாலும் உண்மை.

மெமரி ஃபோம் போட்ட தம்பிக்கு: அது சூட்டில் இளகும், குளிரில் இறுகும். எங்கள் கரூர் வெயிலில் நிறுத்தினால் பிசைந்த மாவு. மெல்லிய மேலடுக்காகச் சரி, அதை மட்டுமே நம்பினால் தரை தட்டும். ஜெல் முதல் அரை மணிக்குக் குளுகுளுவென்று இருக்கும். வெயிலில் நின்ற வண்டியில் தோசைக்கல்.

பழைய காலத்தில் பொள்ளாச்சித் தேங்காய் நாரை ரப்பர்ப் பாலில் தோய்த்து அழுத்திய மெத்தையில் சீட் செய்வோம். காற்று உள்ளே புகுந்து வெளியே வரும், சூடே தங்காது. என் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஓரம் வளைந்த இருசக்கர சீட்டுக்கு அது மடங்காது, உதிரும். எனக்கே வருத்தம்.

பழைய சேணம் (கோவை, சிங்காநல்லூர்)

ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோமே.

நார்மெத்தை (கரூர்)

ஐயா மன்னிக்க வேண்டும். வண்டிக்குப் பின் ஷாக் அப்சார்பர் ஒழுங்காக வேலை செய்தால் சேணத்து ஸ்பிரிங் இரண்டாவது ஊஞ்சல். மெதுவாகப் போகிறவருக்கு இன்பம். எண்பதில் வளைவு வந்தால் வண்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

பழைய சேணம் (கோவை, சிங்காநல்லூர்)

நான் எண்பதில் போனதே இல்லை. அதனால்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திம்பம்27 (சத்தியமங்கலம்)

கரூர் அண்ணா சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். டிசம்பரில் ஊட்டிக்குப் போனபோது காலையில் சீட் மரக்கட்டை மாதிரி இருந்தது, பனி என்று நினைத்துவிட்டேன். ஆட்டுத்தோல் விரிப்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் போடுகிறார்கள்.

நார்மெத்தை (கரூர்)

நல்ல பொருள். கம்பளி மயிருக்கு நடுவில் காற்று ஓடும், வழுக்கலும் குறையும். ஆனால் சந்தையில் விற்கும் மேச்சேரி ஆட்டுத்தோலை வாங்கிவிடாதீர்கள். அது கறிக்கும் தோலுக்கும் பேர் போன ஆடு, உடம்பில் குட்டை முடிதான், கம்பளி இல்லை. அடர்ந்த கம்பளி வேண்டுமென்றால் நீலகிரி ஆடு மாதிரி இனம் வேண்டும். மழையில் நனைந்தால் இரண்டு நாள் காயாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மழை என்றதும் நினைவு வருகிறது: உறை தைக்கும்போது ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் விரிக்கச் சொல்லுங்கள். தையல் ஓட்டை வழியாக ஐப்பசி மழை இறங்கினால் ஃபோம் கார்த்திகை வரைக்கும் ஈரமாக இருக்கும்.

காவிரிக்கரை (பவானி)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், பிறருக்கு உதவும்.

முதல் பயணத்தில் காசு செலவில்லாதவை மட்டும்: பர்ஸ் சட்டைப் பைக்கு வந்தது, காற்று 25க்கும் 32க்கும் இறங்கியது, ஷாக் அப்சார்பர் இரண்டு படி கீழே, 900 ரூபாய் உறை கழற்றப்பட்டது. எரிச்சல் கரூரில் தொடங்கவில்லை, வேடசந்தூரில் தொடங்கியது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் லாபம், இலவசமாக.

அட்டைச் சோதனையும் செய்தேன். பள்ளத்துக்குப் பள்ளம் 12 சென்டிமீட்டர். நான் உட்காரும் இடத்தில் சீட் அகலம் போதுமானதுதான், ஆனால் வழுக்கி நான் போய்ச் சேரும் இடம் அதைவிடக் குறுகல். அதாவது சீட் எனக்குச் சரி, நான்தான் சீட்டில் சரியான இடத்தில் இல்லை.

இரண்டாவது பயணத்தில் திருப்பூர்த் தங்கச்சி சொன்ன டிராயர். இரண்டு 640 ரூபாய். இதைப் பற்றி விளக்கமாக எழுத வெட்கம், ஆனால் பவானி திரும்பும் வரை தோல் எரியவில்லை.

அதன்பின் எங்கள் ஊரிலேயே ஒரு குஷன் கடையில், கரூர்க்காரர் எழுதியதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, முன்சரிவை மட்டும் சமப்படுத்தி, குழி விழுந்த இடத்தில் ரீபாண்ட் வைத்தேன். 1,150 ரூபாய். கடைக்காரர் முதலில் முறைத்தார், "எனக்கே பாடமா" என்றார். உட்கார்ந்து பார்த்துவிட்டு அந்தக் காகிதத்தை மடித்து அவரே வைத்துக்கொண்டார். நேற்று மதுரை போய் வந்தேன். கொடுமுடி, அரவக்குறிச்சி, வேடசந்தூர், திண்டுக்கல் தாண்டி ஒரு டீக்கடை என்று நான்கு இடத்தில் நிறுத்தினேன். போகும்போது வலியே இல்லை. திரும்பும்போது கடைசி 30 கிலோமீட்டரில் இருந்தது, அது உட்காரும் இடத்தில் இல்லை, தோளில். ஹேண்டிலைப் பற்றி வேறொரு இழை தொடங்க வேண்டும்போல.

ஓவர்லாக்காரி (திருப்பூர்)

அண்ணிக்குப் பின்னால் எப்படி இருக்கிறதாம்? முன்பக்கம் தூக்கினால் பின்னால் உட்காருபவருக்கு நடுவில் இருந்த படி குறைந்திருக்குமே.

காவிரிக்கரை (பவானி)

அவளை இன்னும் ஏற்றிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கமேஸ்வரர் கோயில் வரைக்கும் கூட்டிப் போனேன் என்றால் அது இரண்டு கிலோமீட்டர், சோதனையாகாது என்கிறாள். பழனிக்கு ஏற்றிப் போகச் சொல்கிறாள்.

அந்த 900 ரூபாய் உறையை என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவின் தறிப்பலகையில் விரித்து வைத்தேன். காலையில் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் உறை குழி ஓரத்தில் கிடந்தது. பழையபடி நான்காக மடித்த ஜமக்காளத்தின் மேல் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். பூனை அந்த உறைமேல் படுத்திருந்தது.